மருந்து போட்டது ஒரு காம்பில், வந்தது நாலிலும்

ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்திரை வெயிலில் இங்கே ராத்திரி உறை ஊற்றிய பால் விடியும் முன்பே புளித்துவிடும். அப்படிப்பட்ட ஒரு சித்திரையில், தயிர் கடைந்து வெண்ணெய் விற்கும் பக்கத்து வீதி அக்கா விடிகாலையில் போசியோடு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, நேத்து நீங்க ஊத்துன பாலு இன்னும் பாலாவே நிக்குதுங்க. மாட்டுக்கு என்னமாச்சும் போட்டீங்ளா?" என்று போசியைச் சாய்த்துக் காட்டினார். மேலே மெல்லிசாக ஏடு, அடியில் கொழகொழவென்று ஏதோ கொஞ்சம், மீதியெல்லாம் பால். வேறு வீட்டுப் பாலும் அதில் கலந்திருந்தது. பன்னிரண்டு லிட்டர் அன்று சாக்கடைக்குப் போனது.

மூன்று நாள் முன்பு எங்கள் செவலை மாட்டுக்கு மடிநோய். பின்பக்கம் இடது காம்பு கல்லாகக் கட்டி, தொட்டால் உதைத்தாள். டாக்டர் வந்து அந்தக் காம்பில் ட்யூப் மருந்து ஏற்றினார், கழுத்தில் ஓர் ஊசியும் போட்டார். ஊசி காய்ச்சலுக்கு, ட்யூப் மடிக்கு என்று நானாகவே பிரித்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் அவரே வந்து மறுபடி போட்டுவிட்டுப் போனார். பால் விஷயமாக அவர் என்ன சொன்னார் என்பது பாதிதான் காதில் விழுந்தது. கெட்ட காம்பைத் தரையில் பீய்ச்சிவிட்டு, மற்ற மூன்று காம்பையும் கறந்து அக்காவுக்கு ஊற்றினேன். மூன்றும் நல்ல காம்புதானே என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறு உருப்படி வைத்திருக்கிறேன்: நாலு ஜெர்சி கலப்பு, ஒரு ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பு, வீட்டுக்காரர் ஆசைக்கு ஒரு காங்கேயம் மயிலை. நான் டாக்டர் இல்லை. ஊசி போடுவது எப்படி, எந்த மருந்து என்று இதில் சொல்ல மாட்டேன். போட்ட பிறகு பாலை என்ன செய்வது என்பது மட்டும்தான் பேச்சு.

மடிக்குள் நடப்பது

மடியை ஒரு பையாகவும் நாலு காம்பையும் அதில் வைத்த குழாயாகவும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உள்ளே நாலு தனி அறை. ஓர் அறைப் பால் இன்னொரு அறைக்குப் போக வழியே கிடையாது. இதைக் கேட்டதும், பார்த்தீர்களா நான் செய்தது சரிதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நாலு அறைக்கும் ரத்தம் ஒன்றுதான். ஒரு லிட்டர் பால் ஊற 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மடி சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை, ராவும் பகலும் ஓடுகிற மோட்டார் அது.

கழுத்தில் போட்ட ஊசி ரத்தத்தில் கலந்தால், அந்த ஓட்டத்தோடு நாலு அறைக்கும் வந்து சேரும். நோய்க் கிருமியைக் கொல்கிற ஆன்டிபயாடிக் பாலில் இருந்தால், பாலைத் தயிராக்குகிற நல்ல கிருமியையும் வளரவிடாது. எனக்கு அன்று தயிரைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த ஊசிதான். ஆனால் ஊசியே போடாமல் ட்யூப் மட்டும் ஏற்றியிருந்தாலும் முழுக்கத் தப்பியிருக்க முடியாது. ஓர் அறையில் ஏற்றிய மருந்தில் ஒரு பங்கு அந்த அறையின் சுவர் வழியே ரத்தத்துக்குப் போய், சுற்றி வந்து, மற்ற மூன்று அறையிலும் கொஞ்சம் இறங்குகிறது. அளவு சிறியதுதான். ஆனால் பாலில் அனுமதிக்கிற அளவும் அதைவிடச் சிறியதாக இருப்பதால்தான் வம்பு. ஆகவே ஒரு காம்புக்கு மருந்து என்றால் நாலு காம்புப் பாலும் கீழே. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் நீங்கள் இதைப் படித்தாலும் போதும்.

ரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசை செல். அந்தச் செல்லின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கில் எண்ணெய்தான் ஊடுருவும், தண்ணீர் உருண்டு ஓடிவிடும் அல்லவா, அதேபோல் கொழுப்பில் கரைகிற மருந்துகள் சுலபமாக உள்ளே போகும். ஜென்டாமைசின் மாதிரி தண்ணீரோடு ஒட்டுகிற மருந்துகள் ஊசியாகப் போட்டால் தயங்கித் தயங்கிக் கொஞ்சமே போகும். ரத்தத்தில் உள்ள புரதத்தோடு கட்டிக்கொண்டு திரிகிற மருந்தும் அந்தச் சுவரைத் தாண்டாது. தனியாகத் திரிகிற பங்கு மட்டுமே தாண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரத்தம் லேசாகக் காரத்தன்மை உள்ளது, பி.ஹெச் கணக்கில் 7.4 என்று அளப்பார்கள். பால் லேசாகப் புளிப்புப் பக்கம், 6.6 அளவில் நிற்கும். நாக்குக்குத் தெரியாத இந்த வித்தியாசம் மருந்துக்குத் தெரிகிறது. எரித்ரோமைசின், டைலோசின், ட்ரைமெத்தோப்ரிம் போன்ற காரவகை மருந்துகள் ரத்தத்திலிருந்து பாலுக்குள் நுழைந்ததும் அந்தப் புளிப்பில் மின்னேற்றம் பெற்றுவிடுகின்றன. அப்புறம் அதே சுவர் வழியே திரும்ப முடியாது. வாய்க்காலில் மீனுக்கு வைக்கிற பறியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போக வழி இருக்கும், வெளியே வர இருக்காது. அப்படி மாட்டிக்கொள்வதால், டைலோசின் ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் சில மடங்கு அதிகமாகச் சேரும். பெனிசிலின் வகை அமிலப் பக்கம், அது நேர்மாறு. ரத்தத்தில்தான் அதிகம், பாலுக்குக் கொஞ்சமே வரும். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கே தயிர் உறையாமல் போகும், ஒவ்வாமை உள்ளவருக்கு உடம்பு தடிக்கும்.

என்ரோஃப்ளாக்சசினுக்கு வேறு வழி. மடிச் செல்லில் பம்ப் மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. கன்றுக்கு வேண்டிய பி2 வைட்டமினைப் பாலுக்குள் தள்ளிவிடுகிற வேலையும் அதற்கு உண்டு. இந்த மருந்தும் அந்தப் பம்பில் ஏறி உள்ளே வந்துவிடுகிறது. கன்றுக்காக இயற்கை போட்டுவைத்த குழாயில் நம் மருந்து சவாரி செய்கிறது.

மடிநோய் வந்த மடியில் இந்தச் சுவரே பழுதாகிவிடும். பால் உப்புக் கரிப்பது அதனால்தான், ரத்தத்தின் உப்பு உள்ளே கசிகிறது. அந்த நேரத்தில் எது உள்ளே வரும், எது வராது என்கிற கணக்கெல்லாம் மாறும். நோய் உள்ள மாடு, தீனி எடுக்காத மாடு, பால் குறைந்த மாடு ஆகியவை மருந்தை வெளியேற்ற அதிக நாள் எடுத்துக்கொள்ளும். லேபிளில் போட்டிருக்கும் நாள் குறைந்தபட்சம் என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு சின்ன அளவு

பெனிசிலினுக்குப் பாலில் கோடெக்ஸ் என்கிற உலக உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் மாட்டின் ஒரு வேளைப் பாலில் 50 மில்லிகிராம் மருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், ட்யூப் ஏற்றிய மறுநாள் அது ஒன்றும் பெரிய அளவு அல்ல. 50 மில்லிகிராம் என்பது 50,000 மைக்ரோகிராம். நாலால் வகுத்தால் 12,500. அதாவது என் வீட்டு ஒரு வாளிப் பால் 12,500 லிட்டர் சுத்தமான பாலை வரம்பு வரைக்கும் கெடுக்கும். ஒரு டேங்கரே 10,000 லிட்டர்தான். "நம்ம ஒரு மாட்டுப் பாலு அத்தனை பாலுல எங்க தெரியப்போகுது" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சாணிச் சுவரில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

காய்ச்சினால் போய்விடும் என்பதும் தப்பு. பாஸ்சரைஸ் செய்தாலும் வீட்டில் பொங்கக் காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்துகள் அப்படியே இருக்கும், சிலது கொஞ்சம் குறையும். அதே நேரத்தில், எல்லாப் பாலும் விஷம் என்று வாட்ஸப்பில் சுற்றுவதையும் நம்ப வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க எடுத்த 6,432 மாதிரிகளில் வரம்புக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது 77இல்தான். நம் தமிழ்நாட்டுக்கு அந்த ஆய்வில் கெட்ட பெயர் வந்தது வேறொன்றால். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, மக்காச்சோளத்திலிருந்து வருகிற அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு. அதுவும் தீவனத்திலிருந்து ரத்தம், ரத்தத்திலிருந்து மடி என்று இதே பாதையில்தான் வருகிறது. ஆனால் நல்ல தீவனத்துக்கு மாற்றினால் மூன்று நாலு நாளில் பால் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கை உடைத்து மோந்து பார்க்காமல் நான் ஊறவைப்பதில்லை.

ஊசி போடும் முன்பே கேட்க வேண்டியது

டாக்டர் மருந்துப் பையைத் திறக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவர் வண்டியைக் கிளப்பிய பிறகு ஓடக் கூடாது. என்ன மருந்து, எத்தனை நாளைக்கு, கடைசி ஊசி என்றைக்கு, அதற்கு அப்புறம் எத்தனை வேளை பாலை விட வேண்டும். நான் காலி ட்யூபையும் காலி பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொள்வேன். பேரன் படித்துச் சொல்வான். லேபிளில் பால் என்பதற்கு நேராக மணி நேரமோ நாளோ அச்சிட்டிருக்கும். சிலதில் 72 மணி, சிலதில் 96 மணி, சிலதில் அதற்கும் மேல். ஒரே மருந்துப் பெயரிலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணெயில் கலந்து மெதுவாக இறங்க வைத்த ஊசிக்கு நாள் கணக்கு வேறு, சாதா ஊசிக்கு வேறு. ஆகவே போன தடவைக் கணக்கை இந்தத் தடவைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

லேபிளில் ஒன்றுமே இல்லையா? 2012இல் மருந்துச் சட்ட விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் கால்நடைக்கான மருந்தில் இந்த நாள் கணக்கை அச்சிட வேண்டும். தனியாகச் சோதித்து நிர்ணயிக்காத மருந்து என்றால் பாலுக்கு 7 நாளுக்குக் குறையக் கூடாது, இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையக் கூடாது. மனிதருக்கான மருந்தை மாட்டுக்குப் போட்டாலும், லேபிளில் சொன்ன அளவைவிட இரட்டிப்பாகப் போட்டாலும், லேபிளில் இருக்கும் நாள் செல்லாது. நான் அப்போது டாக்டரிடம் கேட்டு, அந்த ஏழு நாளுக்குக் கீழே போக மாட்டேன். கடையில் சொல்லி வாங்கி யாரையோ வைத்துப் போட்டுக்கொள்கிற ஊசியில்தான் இந்தக் குழப்பமெல்லாம் வருகிறது. 1962க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. அப்படியிருக்க அந்த வேலை எதற்கு?

எல்லா ஊசிக்கும் பயப்படவும் வேண்டாம். கோமாரித் தடுப்பூசிக்குப் பாலை விட வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாள் பால் குறையும், அவ்வளவுதான். ஈன்ற மாடு படுத்துவிட்டால் ஏற்றுகிற கால்சியம் பாட்டிலுக்கும் விட வேண்டியதில்லை. அன்றைக்குக் கூடவே ஆன்டிபயாடிக் ஏதாவது கலந்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஐவர்மெக்டின் வேறு ரகம். உண்ணிக்கும் புழுவுக்கும் நன்றாகக் கேட்கும் என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். அது கொழுப்பில் போய்த் தங்கி, பாலின் வெண்ணெய்ச் சத்தோடு வாரக் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். வெண்ணெய் எடுத்தால் அதில்தான் திரளும். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிப் பக்கத்துக்காரிக்கு இதைவிடப் பயம் வேறென்ன வேண்டும். கறக்கிற மாட்டுக்கு அந்த ஊசி கூடாது, ஈன இரண்டு மாதமே இருக்கிற செனை மாட்டுக்கும் வேண்டாம். குடற்புழு மருந்தைப் பால் வற்றின காலத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் பழக்கம், அதுவும் எந்த மருந்து என்று டாக்டரைக் கேட்டு. அல்பெண்டசோலை இளஞ்செனையில் கொடுக்கக் கூடாது.

வலிக்குப் போடுகிற ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக்கை 2006லேயே மாட்டுக்குத் தடை செய்துவிட்டார்கள். பாலுக்காக அல்ல, செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் அதனால் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்காக. அந்தக் கழுகில் மிஞ்சியவை சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கின்றன. கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையாயின. வலி ஊசி என்றால் கழுகைக் கொல்லாத மெலாக்சிகாமா என்று கேளுங்கள். அதற்கும் பாலை விடும் நாள் உண்டு.

கட்டுத்தரையில் செய்வது

மருந்து ஏறிய நிமிடமே மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணிப்பட்டை கட்டுவேன். கழுத்தில் கட்டினால் கறக்கக் குனிகிறவர் கண்ணுக்குத் தெரியாது. காலில் கட்டினால் குந்தியவுடன் மூக்குக்கு நேராக இருக்கும். ஒரு நாள் நான் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் கறக்க உட்கார்ந்தார். அந்தப் பட்டைதான் காப்பாற்றியது, அவருக்கு மாட்டின் பெயரே சரியாகத் தெரியாது.

சுவரில் கரித்துண்டால் எழுதுவேன். செவலை, ட்யூப் பெயர், கடைசி ட்யூப் திங்கள் சாயங்காலம் 5 மணி, 72 மணி. அதற்குக் கீழே ஒவ்வொரு வேளை கறந்து கொட்டும்போதும் ஒரு கோடு. நாளை எண்ணினால் எந்த நாளிலிருந்து என்று தகராறு வரும், வேளையை எண்ணினால் வராது. 72 மணி என்றால் ஆறு வேளை. செவ்வாய் காலை முதல் கோடு, வியாழன் சாயங்காலம் ஆறாவது கோடு. வெள்ளிக்கிழமை காலைப் பால்தான் கேனுக்குப் போகும். கவனியுங்கள், எண்ணத் தொடங்குவது கடைசி மருந்திலிருந்து. முதல் ஊசியிலிருந்து எண்ணி மூன்று நாள் ஆயிற்று என்று ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன். மாடு தேறிவிட்டது என்று ட்யூபைப் பாதியில் நிறுத்தினாலும் கடைசியாக ஏற்றியதிலிருந்துதான் எண்ண வேண்டும். பாதியில் நிறுத்துவதே தப்பு, அது தனிக் கதை.

கறக்கும்போது நல்ல மாடுகளை முதலில் முடித்துவிட்டு மருந்து மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும், தனி வாளியில். என்னிடம் பழைய பெயின்ட் வாளி ஒன்று இதற்கென்றே இருக்கிறது. கறவை மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், குழாயில் ஒட்டியிருப்பதே அடுத்த மாட்டுப் பாலைக் கெடுக்கப் போதும். கீழே போகிற பால்தானே என்று அரைகுறையாகக் கறக்காதீர்கள். மருந்து வெளியேறுகிற பெரிய வாசல் அந்தக் காம்புதான். ஒட்டக் கறந்தால் சீக்கிரம் போகும், நோயும் சீக்கிரம் தீரும். காம்பைக் கழுவித் துடைத்துவிட்டுக் கறப்பதையும் விடாதீர்கள், உண்ணிக்குத் தெளித்த மருந்து காம்பிலும் மடியிலும் படிந்திருக்கும். அது ரத்தம் வழியாக வர வேண்டியதே இல்லை, நேரே வாளிக்கு வரும்.

கொட்டுகிற பாலை என்ன செய்வது? கன்றுக்கு விடாதீர்கள். எங்கள் பக்கம் பால் சுரக்கக் கன்றை முதலில் ஊட்டவிடுவதுதான் வழக்கம், அது நாலு காம்பிலும் வாய் வைக்கும். மருந்துப் பாலைக் குடித்து வளர்கிற கன்றின் குடலில் அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் வளரும், நாளைக்கு அதற்குக் கழிச்சல் வந்தால் மருந்து கேட்காது. இந்த நாட்களில் கன்றைப் பிரித்துக் கட்டி, வேறு மாட்டுப் பாலைக் காட்டுகிறேன். நாய்க்கும் ஊற்றுவதில்லை. சாண எரிவாயுத் தொட்டியிலும் வேண்டாம், அதில் வேலை செய்வதும் நுண்ணுயிர்தான். கிணற்றுக்குத் தள்ளிக் கொல்லையில் ஒரு குழி, அதில் ஊற்றி மண் தள்ளிவிடுவேன்.

மனசு அடித்துக்கொள்ளும், அதை மறைக்க மாட்டேன். செவலை அப்போது நாளைக்கு ஒன்பது லிட்டர், லிட்டர் 36 ரூபாய். மருந்து போடுகிற நாளும் சேர்த்து ஆறு நாள் கொட்டினால் 1,944 ரூபாய் மண்ணுக்குள். டாக்டர் செலவு தனி. அதனால்தான் இப்போது மடிநோயை முதல் நாளிலேயே பிடிக்கப் பார்க்கிறேன். கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தால், திரித்திரியாக வெள்ளைத் துணுக்கு தெரியும். அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் சில சமயம் ஆன்டிபயாடிக்கே வேண்டாம். தஞ்சாவூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக மையம் பரப்பிய பூச்சு ஒன்று உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று ஆகும். அதில் கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு, நாளைக்கு எட்டுப் பத்து தடவை மடி முழுக்கத் தடவ வேண்டும், ஐந்து நாள். எனக்கு ஆரம்பக் கட்டத்தில் கேட்டிருக்கிறது, காய்ச்சலோடு மடி கல்லான பிறகு கேட்டதில்லை. அப்போது டாக்டர்தான்.

பால் வற்ற வைக்கும்போது ஏற்றுகிற ட்யூப்

இது பலர் மறந்துவிடுகிற இடம். ஈன இரண்டு மாதம் இருக்கும்போது பாலை வற்றவிட்டு, கடைசிக் கறவையில் நாலு காம்பிலும் ஒரு ட்யூப் ஏற்றுவார்கள். கறக்கும் மாட்டுக்குப் போடும் ட்யூபும் இதுவும் ஒன்றல்ல. இது வாரக் கணக்கில் மடியில் தங்கி மெதுவாகக் கரைகிற மாதிரி செய்தது. கறக்கிற மாட்டுக்கு மாற்றி ஏற்றிவிட்டால் எத்தனை நாள் பாலைக் கொட்டினாலும் தீராது. அட்டைப் பெட்டியின் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

மாடு சொன்ன நாளில் ஈன்றால் பிரச்சினை இல்லை. எங்கள் கருப்பி ஒரு தடவை பதினேழு நாள் முன்னாலேயே ஈன்றுவிட்டாள். ஈன்ற மாட்டுச் சீம்பாலில் கடும்பு கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம், கேட்டு நாலு வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். சுவரைப் பார்த்தால் ட்யூப் ஏற்றி இன்னும் லேபிளில் போட்ட நாள் முடியவில்லை. கன்றுக்குச் சீம்பால் கட்டாயம் வேண்டும், அதை நிறுத்தக் கூடாது, கொடுத்தேன். பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். இன்னும் அவர்கள் என்னைக் கருமி என்றுதான் சொல்கிறார்கள்.

தயிர்ச் சோதனை

நாள் முடிந்த பிறகும் சந்தேகம் இருந்தால் நான் செய்வது இது. இரண்டு டம்ளர். ஒன்றில் மருந்து மாட்டுப் பால், இன்னொன்றில் மருந்தே போடாத மாட்டுப் பால். இரண்டையும் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரே தயிரிலிருந்து ஒரே ஸ்பூன் உறை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆறு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நல்ல பால் கட்டியாகி, மற்றது தண்ணியாக நின்றால் மருந்து இன்னும் போகவில்லை, அல்லது மடி இன்னும் தேறவில்லை. எப்படியும் ஊற்றக் கூடாது.

ஆனால் இரண்டும் உறைந்துவிட்டால் பால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. தயிர்க் கிருமி தாங்குகிற அளவு மருந்து வரம்பைவிட அதிகமாகவே இருக்கலாம். சில மருந்துகள் தயிரைத் தொடவே தொடாது. தயிர் உறைந்ததைக் காட்டி நாள் கணக்கைக் குறைக்கக் கூடாது, அதற்கல்ல இந்தச் சோதனை. பால் பண்ணைகளில் இதே யோசனையில்தான் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஊதா நிற ஜெல்லில் மருந்துக்குச் சட்டென்று சாகிற ஒரு கிருமியை வைத்து, பாலை ஊற்றிச் சூட்டில் மூன்று மணி நேரம் வைப்பார்கள். கிருமி வளர்ந்தால் மஞ்சளாகும், மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். சில நிமிடங்களில் கோடு காட்டுகிற பட்டையும் உண்டு. கிராமத்துப் பால் கூட்டுறவு சொசைட்டியில் பெரும்பாலும் கொழுப்பும் திடச்சத்தும் மட்டும்தான் பார்க்கிறார்கள். இங்கே பாஸ் ஆவதும் அங்கே மாட்டுவதும் அதனால்தான்.

தெரியாமல் கலந்துவிட்டால்

போன ஐப்பசியில் எனக்கு இன்னொரு தடவை நேர்ந்தது. பட்டை மழையில் அவிழ்ந்து சேற்றில் விழுந்துவிட்டது, மருமகள் கறந்து கேனில் ஊற்றி, கேனும் சொசைட்டிக்குப் போய்விட்டது. சுவர்க் கோட்டைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சும்மா இருந்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நிமிடம் தோன்றாமல் இல்லை. செயலாளருக்குப் போன் போட்டேன். குளிரூட்டும் தொட்டிக்கு இன்னும் கொட்டவில்லை, எங்கள் பகுதிக் கேன் நாலும் வரிசையில் நின்றன. எந்தக் கேனில் விழுந்தது என்று எழுதி வைத்திருந்ததால் ஒரே கேனோடு போயிற்று. நாற்பது லிட்டர். அந்தப் பணத்தை நான்தான் கொடுத்தேன், செயலாளர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. பத்து நிமிடம் தாமதித்திருந்தால் தொட்டி, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் டேங்கர். ஆகவே சொசைட்டிப் போன் நம்பரைக் கட்டுத்தரைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். இப்போது பட்டையும் இரண்டாகக் கட்டுகிறேன், இரண்டு பின்னங்காலிலும் ஒவ்வொன்று.